பொத்தான் இல்லாத நாடு

எனக்குக் கைவேலை எதுவும் வராது. சுவரில் ஆணி அடித்தால் ஆணி கோணும், சுவர் பெயரும், கட்டைவிரல் வீங்கும். வீட்டில் பல்பு மாற்றுவதுகூட என் மனைவிதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும், மேடம்.

இப்படிப்பட்ட ஆள்தான் ‘உப்பரசி’ என்ற ஃபேன்டசி நாவலை ஐந்து பாகமாக எழுதினேன். எழுநூறு வருஷத்துக்கு முந்தையது மாதிரி ஒரு காலம், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாடு. நாடு என்று ஒன்றை உண்டாக்கிவிட்டால் ராஜா ராணியோடு நிறுத்த முடியாது. படைக்கு வாள் வேண்டும், வாளுக்குக் கொல்லன் வேண்டும், கொல்லன் காலுக்குச் செருப்பு வேண்டும், செருப்புக்குத் தோல் பதனிடுகிறவன் வேண்டும். முதல் மூன்று பாகங்களில் பதினோரு கொல்லர்கள், நான்கு தோல்காரர்கள், ஒரு சாயக்காரி, ஒரு மணி வார்ப்பவன் என்று பெரிய சந்தையையே கூட்டிவிட்டேன். எல்லோரும் அழகாகப் பேசினார்கள். வேலை செய்யத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

பகலில் நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே கற்பனைக்கு இடமில்லை. பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் ஜனங்கள் ஆறு மாதம் அலைவார்கள். அதனால் பிழை என்றால் என்ன, அது யாரை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கதையில் பிழை யாரையும் அலைக்கழிக்காது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பாகம் வந்த இரண்டாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் பதினான்கு பக்கம். எழுதியவர் தொழிற்பயிற்சிப் பள்ளியில் லேத் சொல்லிக்கொடுக்கிறவர். உங்கள் கோப்பில் அவருக்கு ஒரு பெயர் இருக்கும். எங்கள் வீட்டில் அவர் எப்போதும் மாஸ்டர்தான்.

“ஐயா, வணக்கம். உங்கள் கதையை மூன்று முறை வாசித்தேன். சில இடங்களில் கை அரித்ததால் எழுதுகிறேன்” என்று தொடங்கியிருந்தார். முதல் பாகத்தில் வெள்ளிக்கிழமை உரித்த தோலில் அடுத்த வெள்ளிக்கிழமை பூட்ஸ் தைத்துவிட்டேனாம். மரப்பட்டைத் தண்ணீரில் அது ஊறவே ஒரு வருஷம் ஆகுமாம். இரண்டாம் பாகத்தில் உச்சிவெயிலில் வாள் அடிக்கிறார்களாம். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது, நிறம் தெரியாவிட்டால் சூடு தெரியாது, அதனால்தான் கொல்லன் பட்டறையை இருட்டாக வைத்துக்கொள்கிறான். கடைசியாக மணி. “காலையில் வார்த்த மணியைச் சாயங்காலமே கோபுரத்தில் ஏற்றிவிட்டீர்கள். அது ஆற நாள்கணக்கில் ஆகும். அதைத் தூக்கியவர்களின் கைகளை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.”

என் மனைவி இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் நாவலின் ஒரு பாகத்தையும் அவள் அறுபது பக்கத்தைத் தாண்டிப் படித்ததில்லை. இதில் பதினான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, “இவர் நல்லா எழுதுறாருங்க” என்றாள்.

நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

கோபப்படுகிறவனாக இருந்தால் அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேனா? கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். குள்ளம், என் வயதுதான், ஒரு வருஷம் கூடக்குறைய இருக்கும். உள்ளங்கை ரேகைக்குள் இரும்புத் தூள் குடியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது என்று அவரே கையை நீட்டிக் காட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாக, நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூடவே அவர் மனைவி. தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட், சட்டை தைக்கிறவர். அதிகம் பேசாத அம்மா. அவரை மாஸ்டர் எங்கள் முன்னால் ‘இங்க பாரும்மா’ என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில்.

“புத்தகத்துல படிச்சா ஆகாது சார். ஒரு தடவை செஞ்சு பாத்துடுவோம்” என்றார் மாஸ்டர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய சொந்தக்காரர் கட்டிய ஒரு கிடங்கு உண்டு. தகரக் கூரை, தகரக் கதவு, ஒரே ஜன்னல். அதில் மூன்று வருஷம் ஞாயிறு தோறும் வேலை நடந்தது. மெழுகுவர்த்தி ஊற்றினோம். அம்புக்கு இறகு ஒட்டினோம். ஓர் அம்பில் ஒட்டுகிற மூன்று இறகும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்பு குழம்பும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பீப்பாயில் தோல் ஊறவைத்தபோது தெருவே திரண்டு வந்து என்ன செத்துப்போயிற்று என்று விசாரித்தது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டீ கொண்டுவருவாள். மாஸ்டர் இருக்கும்போது மட்டும் அந்த டீயில் ஏலக்காய் இருக்கும்.

வேலை என்றேனே, வேலை செய்தது அவர். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். எனக்கு அதுதான் வரும்.

நான்காம் பாகம் நன்றாகப் போனது. உண்மையைச் சொன்னால் அதுதான் முதலில் போன பாகம். பதிப்பாளர் வாசகர் சந்திப்பு வைத்தார். வாடகை மண்டபம், நூறு நூற்றைம்பது நாற்காலி. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, இறகு ஒட்டுகிற பசையை எதிலிருந்து காய்ச்சுவார்கள் என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தேன். அவர் மூன்றாம் வரிசை ஓரத்தில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே கூச்சத்தோடு பதில் சொல்ல ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். இரும்பு நாற்காலி சிமெண்ட் தரையில் இழுபடுகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முப்பது நாற்காலி சேர்ந்து இழுபட்டது. அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் நான் மேடையில் உட்கார்ந்து எல்லோருடைய பிடரியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் என் புத்தகத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். “எங்க சார் போடுறது? தப்பில்லையே?” என்றார்.

“எங்க வேணா போடுங்க” என்றேன்.

என் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் போட்டார். நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

காரில் வரும்போது பதிப்பாளர், “சார், ஜனங்க கதைய விட்டுட்டு வேலையத்தான் படிக்கிறாங்க. அடுத்த பாகத்துல மாஸ்டர் பேரும் அட்டையில இருக்கட்டுமே, சின்னதா” என்றார். தாராளமாக என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன் என்றே நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு நோட்டு விஷயம். பதிப்பாளர் சும்மா இருக்காமல், பழைய தொழில்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதித் தாருங்களேன் என்று மாஸ்டரின் காதில் போட்டுவைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் இருநூறு பக்க நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, என் மடியில் வைக்காத குறையாக நீட்டினார்.

“எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க சார். எனக்கு லகர ளகரம் ஆகாது.”

பார்த்துக் கொடுக்கலாம் என்றுதான் எடுத்தேன். கிணறு வெட்டுகிறவனைப் பற்றி ஒரு பக்கம். அவன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பகல் ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்துத் தெரியும் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான், ஒரு வரி. நான் இருபது வருஷமாக எழுதுகிறேன், மேடம். அந்த நோட்டில் மொத்தம் முப்பத்தேழு எழுத்துப்பிழை இருந்தது. எல்லாவற்றையும் திருத்தினேன். அதற்கப்புறம் திருத்த ஒன்றும் இல்லை. அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பொறாமையா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. பொறாமை என்பது சின்ன மனிதர்களுக்கு வருவது. எனக்கு வந்தது ஐந்தாம் பாகத்தைப் பற்றிய கவலை.

ஐந்தாம் பாகத்தின் உச்சமே மணி வார்ப்பவனின் சாவுதான். எதிரிப்படை ஊருக்குள் வந்துவிட்டது. அவன் அறையைப் பூட்டிக்கொண்டு ரகசியமாக மணி வார்ப்பதற்கான மண் அச்சை உலர்த்துகிறான். கரி நெருப்பு. மூடிய அறை. இந்த யோசனையைக் கொடுத்ததே மாஸ்டர்தான். “புகை வந்தா ஆள் இருமிக்கிட்டு வெளிய ஓடிடுவான் சார். புகையில்லாத கரிதான் மோசம். அதோட நச்சுக்காத்து வர்றதும் தெரியாது, ஆளப் பிடிக்கிறதும் தெரியாது. அதான் நான் கதவ எப்பவும் தொறந்தே வைப்பேன்” என்றார்.

“அப்புறம் அவனுக்கு என்ன ஆகும்?” என்றேன்.

“அப்புறம் என்ன சார். அனுபவிச்சவன் எழுந்து வந்து சொன்னாத்தான் உண்டு.”

அந்தச் சாவைப் பதினோரு தடவை எழுதினேன். முதல் தடவை அவன் மகனுக்கு இரண்டு பக்கம் புத்தி சொல்லிவிட்டுச் செத்தான். நாலாவது தடவை நாட்டுப்பற்றோடு செத்தான். ஒன்பதாவதில் வானத்தில் வெளிச்சம் பார்த்தான். பதினொன்றாவதை மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் கிடங்கு வாசற்படியில் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார். படித்து முடித்துத் தாள்களைத் தட்டிச் சேர்த்துக் கொடுத்தார்.

“சாகுறவன் இவ்வளவு பேசுவானா சார்?”

“பின்னே எப்படி?”

“தெரியாது சார். அது எனக்குத் தெரியாது. தெரியாததுல நான் வாய வைக்க மாட்டேன்.”

மூன்று வருஷத்தில் அவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாத் தகவலும் தந்த மனிதரிடம் இந்த ஒரே ஒரு தகவல் இல்லை. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அரைகுறையாக எழுதி அச்சுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அப்படி அனுப்பித்தானே முன்பு அவமானப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை. என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மாஸ்டர் மூன்று வாரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு மணிக்கான அச்சைச் செய்துகொண்டிருந்தார். உள்ளே செங்கல், மேலே களிமண், அதில் குதிரைச் சாணமும் முடியும் பிசைந்தது. முடிக்குச் சலூனில் ஒரு சாக்கு வாங்கிவந்திருந்தார். அன்றைக்கு அச்சின் வயிற்றுக்குள் கரியைப் போட்டு மெதுவாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். கரியைப் பற்றவைத்துவிட்டு அவர் கதவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, விரல் முட்டியால் மண்ணைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். செல்போனைப் பையோடு எங்கள் ஹாலில் வைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். மண் ஒட்டும் என்று.

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. ஈரம் பட்டால் அச்சு கெட்டுவிடும் என்று அவரே சொன்னதால் ஜன்னலை ஒரு சாக்கால் அடைத்தேன். வெளியே வந்து, சாரலுக்காகக் கதவையும் சாத்தினேன். சாத்தினால் தாழ்ப்பாள் போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். பிறகு ஸ்டூலை எடுத்துக் வெளியே நீண்டிருந்த கூரைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன். மடியில் குறிப்புநோட்டு, மணிக்கட்டில் வாட்ச். இரண்டு மணி எட்டு நிமிஷம்.

முதல் பதினைந்து நிமிஷம் அவர் தனக்குத்தானே ஏதோ பாட்டு முனகிக்கொண்டு வேலை பார்த்தார். பிறகு கதவைத் தட்டினார். ஒற்றை விரலால் தட்டுவது மாதிரி மரியாதையான தட்டு. “சார், கதவு மாட்டிக்கிச்சு போலருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “சார், இருக்கீங்களா? தலை சுத்துது.” அவருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். நான் எழுதிய பதினோரு பிரதியிலும் மணி வார்ப்பவன் உடனே துரோகத்தைப் புரிந்துகொண்டு வசனம் பேசுவான். அது தப்பு. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. பிறகு உள்ளங்கையால் தட்டினார். பிறகு தோளால் இரண்டு தடவை இடித்தார். இரண்டாவது இடி முதல் இடியைவிட லேசாக இருந்தது. பிறகு தட்டுகிற இடம் கதவில் கீழே கீழே இறங்கியது. இதையெல்லாம் யாரால் கற்பனை செய்ய முடியும்?

நடுவில் ஒரு தடவை நான் எழுந்தேன். அதையும் மறைக்கவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது. உள்ளே போய் வேறு பேனா எடுத்துவந்தேன்.

கடைசியில் கத்தலோ கதறலோ எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதியான குரலில், வாய் குழற, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “பொத்தான், கதவத் தொற. கையெல்லாம் மண்ணு.” அதற்குப் பிறகு மழைச் சத்தம்தான். இரண்டு மணி ஐம்பத்தொன்று.

தாழ்ப்பாளை எடுத்தேன், சாக்கை எடுத்தேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது, நான் வீட்டுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தேன் என்பது பொய்யில்லை. உங்களுக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் மாஸ்டரின் பதிவை நானே போட்டேன். காரணம்: விபத்து. பெயரில் லகர ளகரம் பிசகாமல் பார்த்துக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து, தையல்காரம்மா நோட்டைப் பற்றிக் கேட்டார். “ஒரு நோட்டு எழுதிக்கிட்டிருந்தாரே சார், உங்ககிட்ட குடுத்தாரா?” நான் பார்க்கவில்லை என்றேன். துக்கத்தில் இருக்கிறவர் கையில் அதைக் கொடுத்தால் இன்னும் அழுவார் என்று நினைத்தேன். ஐந்தாம் பாகத்தில் அதிலிருந்து கொஞ்சம் வந்திருக்கிறது. கொஞ்சம் என்றால் எழுபது, எண்பது பக்கம். முப்பத்தேழு பிழை திருத்தியிருக்கிறேன், அந்த உரிமைகூட எனக்கு இல்லையா? புத்தகத்தை மாஸ்டரின் நினைவுக்குத்தான் சமர்ப்பணம் செய்தேன். அட்டையில் பெயர் போட வேண்டிய தேவை அப்போது இல்லாமல் போய்விட்டது.

ஐந்தாம் பாகத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். முக்கியமாக முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கம், அதாவது அந்தச் சாவு. ‘மரணத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த எழுத்து வேறில்லை’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஒரு விமர்சகர் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பொத்தான் என்பது உடலையும் உயிரையும் பிணைத்திருப்பதன் குறியீடு என்று நான்கு பத்தி ஆராய்ந்தார். இன்னொருவர் அவரை மறுத்து, அது அதிகாரத்தின் குறியீடு என்றார். இரண்டு பேரும் மேடை போட்டு அடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டார்கள். நான் புன்னகை செய்தேன். எனக்கும் அது என்னவென்று தெரியாது. மூளை மங்கும்போது வாயில் வந்த ஏதோ ஒரு சொல் என்று நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு வாசகர் மட்டும் தபால் அட்டையில் நாலு வரி எழுதியிருந்தார். ‘உப்பரசி நாட்டில் பொத்தானே கிடையாது, எல்லோரும் நாடாதான் கட்டுகிறார்கள், மூன்றாம் பாகம் தொண்ணூறாம் பக்கம் பார்க்கவும்.’ அவர் சொன்னது சரி. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் இரண்டு தடவை அந்தச் சொல்லை அடித்தேன், இரண்டு தடவையும் திரும்ப எழுதினேன். அதை எடுத்தால் அந்தப் பக்கமே செத்துவிடும் போலிருந்தது. மாஸ்டர் இருந்திருந்தால் அந்தப் பிழையைப் பிடித்திருப்பார்.

போன வாரம் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். என் மனைவி அலுவலகம் போயிருந்தாள், நான் லீவில் இருந்தேன். புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குண்டூசி குத்தி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

“இந்த வார்த்தை உங்களுக்கு எங்க கிடைச்சுது சார்?”

“கதைதானேம்மா. கற்பனை.”

“என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.”

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

“கல்யாணமான புதுசுல அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கறப்போ என் விரலோட சேத்துத் தைச்சுட்டேன். அன்னையிலேருந்து. வெளியாள் முன்னாடி ஒருநாளும் கூப்பிட்டதில்ல. எங்க பொண்ணுக்கே தெரியாது. வேலை முடிஞ்சு வந்தா கதவக் காலால தட்டுவாரு. பொத்தான், கதவத் தொற, கையெல்லாம் மண்ணும்பாரு. மண்ணுனா மண்ணு, கிரீஸுனா கிரீஸு.”

“எப்பவாவது எங்கிட்டச் சொல்லியிருப்பாரும்மா.”

“சொல்ல மாட்டாரு.” அந்த அம்மா அழவில்லை. துணிக்கு அளவெடுக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “நீங்க வீட்டுக்குள்ள இருந்ததா சொன்னீங்க. வீட்டுக்குள்ள இருந்தா இது காதுல விழுமா?”

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டு வரலாமா என்று யோசித்தேன்.

“எவ்வளவு நேரம் சார்?” என்றார். “எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருந்தீங்க?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் என்றாவது சொல்லியிருக்கலாம். தோராயமாகச் சொல்வது எனக்கு வராது, மேடம். அது என் சுபாவமாகிவிட்டது.

“நாற்பத்து மூணு நிமிஷம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். புத்தகத்தைப் பழையபடி துணியில் சுற்றினார், மூலைகளை மடித்து ஒழுங்காக. குண்டூசியை முந்தானையில் குத்திக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

ஆதாரம் என்று உங்களிடம் இருப்பது ஒரு நாவலின் ஒரு பக்கமும் ஒரு விதவையின் பேச்சும் மட்டும்தான், வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் குறிப்புநோட்டு மேசையின் அடி டிராயரில் இருக்கிறது, மாஸ்டரின் நோட்டும் அதற்குக் கீழேயே இருக்கிறது. எழுதியதைக் கிழித்துப்போட எனக்கு மனசு வருவதில்லை. நேற்று நீங்கள் கிடங்கைப் பார்க்கப் போனீர்களே, கவனித்திருப்பீர்கள். ஜன்னல் மேற்குப் பக்கம். அன்று சாரல் மேற்கிலிருந்துதான் அடித்தது. கதவு கிழக்குப் பக்கம். அதன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஆகவே சாரலுக்காகக் கதவைச் சாத்தினேன் என்று மேலே நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் சாக வேண்டும் என்றுதான் சாத்தினேன், தாழ்ப்பாளும் அதற்காகத்தான் போட்டேன். பிழையோடு ஒரு தாளில் கையெழுத்துப் போட எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் டைப் அடித்துக் கொடுத்ததை முழுதும் வாசித்துவிட்டேன். சந்திப்பிழை நிறைய இருக்கிறது, போகட்டும். கொலை என்று போட்டிருக்கிறீர்கள், சரி. திட்டமிட்டு என்று போட்டிருக்கிறீர்கள், அதுவும் சரி. நாலாம் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம். அந்தப் பொத்தான் வரியை ‘இறந்தவரின் வாசகம்’ என்று தலைப்புப் போட்டு அவர் பெயரில் சேர்த்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால், கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் எதையோ சொன்னால் அது மழையோடு போயிருக்கும். அவர் சொன்னார், அவ்வளவுதான். எழுதியது நான்.